பூட்டிய சார்ஜர்

நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நெடுஞ்சாலையில் இருந்தது வெர்னாவின் பெட்ரோல் பங்க். லீலண்ட் புரூசாவின் மின்சாரக் கார் அங்கே ஊர்ந்து வந்து நின்றபோது, சார்ஜ் இரண்டு சதவீதம்தான் மிச்சம். மூன்று மணிக்கு, அறுபது மைல் தள்ளி, அவர் மகளுக்குக் கல்யாணம்.

புத்தம்புது சார்ஜர் ஒன்று வேலிக்குள் பூட்டிக் கிடந்தது.

“அதைக் கொஞ்சம் திறந்து விடுங்கம்மா.”

“முடியாது. அரசாங்கப் பணத்துல வச்சது. ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாம நான் சுவிட்சைத் தொட்டா, என் லைசென்ஸ் போயிடும்” என்றாள் வெர்னா.

“பொண்ணு கல்யாணம்மா. அவசரம்.”

“பதினாலு மாசமா எனக்கும் அவசரம்தான். வர்றவன் போறவன் எல்லாம் என்னைத்தான் திட்டறான். அந்த ஆளு நாலு தடவை தேதி கொடுத்தான், நாலு தடவையும் தள்ளி வச்சான். ரொம்ப தூரமாம்! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...”

லீலண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

“வேலிச் சாவியைக் கொடுங்க.”

“யோவ், சொன்னா புரியாதா உனக்கு?”

அவர் கோட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வெர்னா படித்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாவியை அவர் காலடியில் விட்டெறிந்தாள்.

கல்யாணக் கோட்டோடு மண்ணில் முட்டி போட்டு, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, லீலண்ட் கையெழுத்துப் போட்டார்.

“பதினோரு நிமிஷம்” என்றாள் வெர்னா. “இதுக்காய்யா பதினாலு மாசம்?”