ஹாலில் மாட்டப்போகும் படம்

எதிர்வீட்டு அந்தோணிமேரி, வரப்போகும் மருமகள் கிளாராவைப் படமெடுக்கத் திண்டிவனத்திலிருந்து போட்டோகிராபரை வரவழைத்திருந்தாள். சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கேமராவிலிருந்து மேசைக்கடியாக லேப்டாப்புக்கு ஒரு ஒயர். எடுத்த படம் உடனே திரையில் வரும். திரைக்கு முன்னால் அந்தோணிமேரி. பக்கத்தில் வழக்கம்போல் பேசாமல் அவள் கணவர் பாக்கியசாமி.

“பல்லு தெரியுது. ஹால்ல மாட்டப்போற படம், வாய மூடும்மா.”

நாற்பது படத்துக்கும் கிளாரா வாயை மூடிக்கொண்டே நின்றாள். பாவம், மூச்சு விட்டாளா என்றே தெரியவில்லை.

திடீரென்று திரையில் படம் வருவது நின்றது. போட்டோகிராபர் ஸ்டீபன்ராஜ் ஒயரை மாற்றினான், லேப்டாப்பை அணைத்துப் போட்டான். வந்தது, மறுபடியும் போனது.

“இன்னா தம்பி, ஒரே பேஜாரு?”

“படம் கேமராவுல ஏறிக்கினுதாங்க இருக்குது. இங்க தெரியல, அவ்ளோதான்.”

அதைக் கேட்டதும் கிளாரா பளிச்சென்று சிரித்தாள். அதன்பின் திரை போகும்போதெல்லாம் சிரித்தாள். இது இவள் வேலைதான் என்று முடிவுகட்டி, கம்மல் திருகாணி விழுந்த சாக்கில் மேசைக்கடியில் குனிந்தேன்.

ஒயரைச் சுண்டிக்கொண்டிருந்தது பாக்கியசாமியின் கால் கட்டைவிரல்.

நிமிர்ந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஹாலில் முப்பது வருஷமாகத் தொங்கும் அவர்களுடைய கல்யாணப் படத்திலும் அவர் வாய் இறுக்க மூடித்தான் இருக்கும். மனுஷருக்கு இத்தனை அழகான பல்வரிசை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.