சொந்த முகம்

“மேடம், திரும்பவும் அழிங்க. வாய் ஒரு பக்கமா இறங்கியிருக்கு.”

ஹெட்ஃபோனில் அந்தக் குரல் கேட்டதும் தையல்காரம்மா வரைந்த வாயை அழித்தாள்.

ஆன்லைன் ஓவிய வகுப்பில் அவளுக்கு மட்டும்தான் வயது ஐம்பத்து மூன்று. மற்ற பதினொரு பேரும் அவள் மகள் வயதுப் பிள்ளைகள். ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ரப்பர் சார்’. டேப்லெட்டில் வரைகிற படத்துக்கு ரப்பர் எதற்கு? ஆனாலும் அவரிடம் அழிபடாமல் தப்பிய படம் ஒன்றுகூடக் கிடையாது.

இன்று தேர்வு. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே வரைந்து, ஒரு மணி நேரத்துக்குள் வண்ணமும் தீட்டி முடிக்க வேண்டும். தேறாதவர்களுக்கு அடுத்த வகுப்பில் இடமில்லை. சாரைத் தவிர எல்லாருடைய கேமராவும் அணைந்திருந்தது. ஆனால் அவரவர் படம் வளர்வது சாரின் திரையில் தெரியும்.

“சரி பண்ணிடறேன் சார்.”

“என்ன சொல்றீங்க? ஒண்ணுமே புரியல. வாயைத் திறந்து பேசுங்க.”

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பயத்தில் நாக்குகூடக் குழறுகிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள் தையல்காரம்மா. இடது கையில் பிடித்திருந்த டேப்லெட் மடியில் சரிந்தது. எடுத்து நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தது. தலையணையை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டாள்.

‘முகம்னு பார்க்காதீங்க. இது கோடு, இது நிழல்னு மட்டும் பாருங்க.’ சாரின் முதல் பாடமே அதுதான். அப்படியே பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த கோட்டை இம்மி பிசகாமல் திரையில் இழுத்தாள். இருபது வருடம் துணி வெட்டிய வலது கை. அது பொய் சொல்லாது.

“மேடம்! அதே தப்பு!”

“கண்ணாடியைப் பார்த்துத்தான் சார்…”

“இடது கண் பாதி மூடியிருக்கு. கன்னம் தொங்குது. போன வாரம் இதே முகத்தை எவ்வளவு அழகாப் போட்டீங்க! இன்னிக்கு என்ன ஆச்சு?”

போன வாரம் வரைந்ததைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். அடுத்த வீட்டுக்காரியை வரைந்ததுபோல் இருந்தது. ‘எனக்கு எதுக்கு இந்த வயசில இந்த ஆசை?’ கோடுகளை அப்படியே விட்டுவிட்டு அவசர அவசரமாக வண்ணத்துக்குத் தாவினாள். கன்னத்துக்குக் கோதுமை நிறம், தாடைக்குக் கீழே கொஞ்சம் நிழல். வண்ணம் போட்டதும் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

“இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு சார்?” என்று கேட்டாள். அவள் காதுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல் கேட்டது.

திட்டிக்கொண்டே இருப்பவர் திட்டாமல் இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது. ‘போச்சு, வெளியே போன்னு சொல்லப்போறார்.’

“மேடம், கேமராவை ஆன் பண்ணுங்க.”

கேமரா பொத்தானை அழுத்தினாள். சார் திரைக்கு மிக அருகே வந்து உற்றுப் பார்த்தார்.

“கொஞ்சம் சிரிங்க.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்தாள்.

“ரெண்டு கையையும் மேல தூக்குங்க.”

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போலவா? அத்தனை பேர் பார்க்க? மானம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள்.

“ரெண்டு கையையும், மேடம்.”

“ரெண்டையும்தானே சார் தூக்கியிருக்கேன்!”

இப்போது பயம் சாரின் குரலில் இருந்தது.

“பதறாதீங்கம்மா. வீட்டுல யார் இருந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். உங்க படத்துல ஒரு தப்பும் இல்ல.”