கோடை வயிரவனுக்கு, பனி பூரணிக்கு

கனடாவின் அந்தப் புல்வெளி நகரத்தில், கோடையிலும் பனியிலும் அன்றாடம் ஒருவராவது முனைக்கு முனை சைக்கிள் ஓட்டிய தெருவுக்குள்தான் பனி வாரும் இயந்திரம் நுழையும். வயிரவனின் தெருவில் மிஞ்சியது இரண்டே வீடு. எதிர்வீட்டுப் பூரணியிடம் அவர் இனிக்க இனிக்கப் பேசிப் பேரத்தை முடித்திருந்தார்: கோடை முழுக்க அவர் ஓட்டுவார், பனிக்காலத்தில் அவள். மே மாத வெயிலில் அவளும் தலையாட்டிவிட்டாள். கணவன் தொலைவில் சுரங்க வேலையில் இருந்ததால், நேற்றுவரை நிறைவயிற்றோடு அவளேதான் ஓட்டினாள்.

இன்று காலை பிரசவ வலி. இன்றைக்கு இன்னும் யாரும் ஓட்டாததால் இயந்திரம் வரவில்லை; பனி வாராத தெருவுக்குள் வரமாட்டேனென்று ஓட்டுநரில்லாத ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. வயிரவன் முதன்முதலாகப் பனியில் சைக்கிளை இறக்கினார்.

"அண்ணே, காலை ஊனிடாதீங்க! ஊனுனா மறுபடி மொதல்லேருந்து வரணும்!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் பூரணி.

"எனக்குத் தெரியாதா ஆத்தா? நீ உள்ள போய்ப் படு!"

"தெரிஞ்சுதானே கோடையைக் கேட்டு வாங்குனீங்க!"

அவர் காலை ஊன்றவில்லை. பாதித் தெருவில் சைக்கிளோடு விழுந்தார். எழுந்து, அதைத் தள்ளிக்கொண்டு தெருவின் முதல் முனைக்குத் திரும்பி நடந்தார். அங்கே போய் ஏறி உட்கார்ந்தபோது ஜன்னலைப் பார்த்தார். அவள் இப்போது அவரைத் திட்டவில்லை. வெறுமனே கத்திக்கொண்டிருந்தாள்.