முள் அடைத்த பாதை

"அந்தப் பக்கம் வழி கெடையாது மேடம்," என்று ஒற்றையடிப் பாதையை மறித்து நின்றான் முத்துவீரன்.

பாதையின் குறுக்கே முள் அடைத்திருந்தது. வனவர் கல்பனா குனிந்து ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"இதை யாருண்ணே வெட்டிப் போட்டது?"

"காத்துல முறிஞ்சு விழுந்துருக்கும்."

"காத்து அருவா வச்சிருக்குமா?"

முத்துவீரன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

மலையேற வருகிறவர்களுக்காக அடுத்த மாதம் செண்பகத்தோப்புக்கு மேலே பாதைகளைத் திறக்கப் போகிறார்கள். அதற்கு வரைபடம் போடத்தான் கல்பனா ஐந்து நாளாக நடக்கிறாள். வழிகாட்டி முத்துவீரன், பதினெட்டு வருடமாகக் காட்டில் காவலர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கிளம்பும்போதே சோதனைச்சாவடி ஐயாதுரை அவள் காதில் ஓதியிருந்தார். "அவன் மச்சினன் மானுக்குச் சுருக்கு வச்சு மாட்டுனவன். இவன் மேலயும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க."

"உள்ள அப்படி என்னதான்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு ஓடை தாண்டணும். அதுக்கங்கிட்டு செங்குத்தாப் பாறை. அட்டை வேற எம்புட்டுங்கிறீக!"

"மூணு ஓடை," என்றாள் கல்பனா.

அவள் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியை முத்துவீரன் எரிச்சலோடு பார்த்தான். "மழை பேஞ்சா மூணு."

கல்பனா வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு கிழித்து, 'பாதை முடிவு' என்று எழுதினாள்.

இறங்கும்போது முத்துவீரன் வாய் திறக்கவே இல்லை. நேற்று வரை பாறைக்குப் பாறை பேர் சொல்லிக்கொண்டு வந்தவன்.

சாவடியில் ஐயாதுரை இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கல்பனா வரைபடத்தை மேஜையில் விரித்து, 'நேரில் நடந்து சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே பேனாவை வைத்தாள்.

"கையெழுத்துப் போட்றாதீக மேடம்!" முத்துவீரன் மேஜையருகே ஓடி வந்தான். "அங்க வழி இருக்கு. முள்ளு போட்டது நாந்தான். என் வேலை போனாப் போகுது, எம்பொய்யி ஒங்க வேலைக்கு வேட்டு வச்சிரக் கூடாது."

கல்பனா கையெழுத்தைப் போட்டு முடித்தாள். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

"நான் போன வாரமே போயிட்டு வந்துட்டேன்ணே. நீங்க ஆளு அண்டாமப் பாத்துக்கிட்ட யானைக்குட்டி இப்ப நொண்டாம நடக்குது."