நடுக்கட்டில்

எங்கள் காப்பகத்தில் யார் எந்தக் கட்டிலில் படுப்பது என்பதைக் கணினித் திரைதான் சொல்லும். ரோட்டோரம் கிடந்தவர்கள் அறுபது பேர், ஒரே கூடம். காய்ச்சல் வந்தால் எந்த வழியாகப் பரவும் என்று அது முன்கூட்டியே கணக்குப் போட்டு, யாரோடும் ஒட்டாத ஆளை நடுவில் படுக்க வைத்து வழியை மறித்துவிடும்.

இரண்டு வருஷமாக அந்த நடுக்கட்டில் தனக்கோடி ஐயாவுக்குத்தான். யார் யார் பக்கத்தில் போனார்கள் என்று கூடத்துக் கேமரா பார்த்துச் சொல்ல, திரையில் மற்றவர்களுக்கு இடையே கோடுகள் ஓடும். அவரை ஒரு கோடுகூடத் தொட்டதில்லை.

"உங்க புண்ணியத்துலதான் இங்க யாருக்கும் எதுவும் பரவல" என்று நானே பாராட்டியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

நேற்று அவருக்கே காய்ச்சல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"யார்கிட்டய்யா போய் உட்கார்ந்தீங்க?"

"என் பக்கத்துல யாரும்மா வரப்போறா?"

திரையில் தேடினேன். முதல்முறையாக ஒரு கோடு.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம், மழை பெய்யும்போது நீங்க தூங்கிட்டிருந்தீங்க. ஒன்பதாம் கட்டில் எட்வின் உங்ககிட்ட வந்து ஒரு நிமிஷம் நின்னிருக்கார்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"எழுந்திரிச்சப்ப மேல போர்வை கிடந்துச்சும்மா. தூக்கத்துல நானே போத்திக்கிட்டேன்னு நெனச்சேன்."