ஜீவராணியின் கேள்விகள்

ரத்தசோகை ஆய்வுக்கு ரத்தம் கேட்டுப் பல்கலைக்கழகத்து ஜெனிதா தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருந்தாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கையை நீட்டாமல் தள்ளி நின்றார்கள். ஜீவராணி மட்டும் விடாமல் கேட்டாள்.

“எங்க ரத்தத்த எங்க கொண்டு போவீங்க, மிஸ்?”

“ஆஸ்பத்திரி லேப்புக்குத்தான்.”

“குடுக்க மாட்டோம்னா தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிருவீங்களா?”

“மாட்டேன். இஷ்டம் இருந்தா குடுங்க.”

“முன்ன வந்து எடுத்தவங்க முடிவு சொல்ல வரவே இல்ல. நீங்க வருவீங்களா?”

ஜெனிதா தடுமாறினாள். “வருவேன்.”

“அட்ட கேக்காமத்தான் தெனம் உறிஞ்சுது. இவங்க கேட்டுட்டுல்ல எடுக்குறாங்க” என்று ஒருத்தி கையை நீட்டினாள். மற்றவர்களும் வந்தார்கள்.

கிளம்பும்போது ஜெனிதா ஜீவராணியை ஓரமாக அழைத்தாள்.

“மத்தவங்க பயம் தெளியட்டும்னு நேத்து நான் கேக்கச் சொன்னதெல்லாம் சரியா கேட்டீங்க அக்கா. ஆனா முடிவு பத்தி நான் சொல்லித் தரலியே?”

“அது என் கேள்வி, மிஸ். வந்துருங்க.”