இழுவைக் கூலி

பீர்மேட்டுக்குக் கீழே, அணைநீரில் தேயிலைத் தோணிகளை மோட்டார் படகால் இழுக்கும் ஒப்பந்தம் பிச்சைமணியிடம் இருந்தது. அன்று பனிமூட்டத்தில் கயிறு அறுந்து, அவருடைய கூலியாள் சுடலை இருந்த தோணி மதகுப் பக்கம் போய்விட்டது. அவனுக்கு நீந்தத் தெரியாது. தேடிப்போன படகு வெறுமனே திரும்பியது.

மதியம் சுடலையோடு தோணி வந்தது. முன்னால் கயிறு விறைப்பாக நீருக்குள் இறங்கியிருந்தது. இழுக்கும் படகு எதுவும் இல்லை. கரைக்குச் சற்றுத் தள்ளித் தோணி நின்றது. கயிறு அறுந்த தோணியை இழுத்து வருகிறவர்கள், கூலி பேசி முடித்த பிறகே கரை சேர்ப்பது அங்கே வழக்கம்.

பிச்சைமணி தண்ணீரைப் பார்த்து, “வழக்கமான சரக்கு ரேட்டு தாரேன்” என்றார். தோணி அசையவில்லை.

“ஆளுக்கும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி!” என்று கத்தினாள் சுடலையின் மனைவி சின்னத்தாய்.

“சரி, ஆளுக்கும் தாரேன்.”

தோணி கரை தட்டியது. “ஏட்டி, கஞ்சி இருக்கா?” என்று கேட்டபடி சுடலை இறங்கினான். சின்னத்தாய் அவனை அடித்து அடித்துச் சிரித்தாள். தளர்ந்த கயிறு மெல்ல நீருக்குள் போய்க்கொண்டிருந்தது.